பிரதாபன் தூக்கிய கொடி

கார் ஓட்டுவதில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது பிரதாபனின் நினைப்பு. அவன் மட்டும் நினைத்திருந்தால் பரவாயில்லை, அவன் ஊரான தர்மபுரத்தில் நாலு பேர் அவன் காதுபடச் சொல்லியும் கெடுத்துவிட்டார்கள். கலியாணம், செத்தவீடு, விமான நிலையம், பிள்ளைப்பேறு என்று எதற்கும் அவனுடைய பழைய வெள்ளைக் காருக்குத்தான் அழைப்பு. அவன் மனைவி இராசமலரின் தங்கை சிவதர்சினிக்குக் கார் பழக்கிவிட்டவனும் அவனேதான். அந்தப் புண்ணியத்தைத் தேடிக்கொண்டதற்காக அன்று காலையிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தான்.

கொழும்பிலிருந்து ஒரு கார்க் கழகம் கிளிநொச்சிக்கு வந்திருந்தது. பட்டணத்துக்கு வெளியே தார் போட்ட ஒரு பெரிய வெளியில் செம்மஞ்சள் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி, அவற்றுக்குள்ளால் காரை விரைவாகவும் கட்டுப்பாட்டோடும் ஓட்டப் பழக்கினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு போட்டி. முதலாவதாக வருபவரை வடமாகாணத்துக்கான பயிற்சியாளராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை தன் மடியில் விழுந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு பிரதாபன் வந்திருந்தான். சும்மா பார்க்க வந்த மச்சாள் சிவதர்சினியும் ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தாள்.

பயிற்சி கொடுத்தவர் வவுனியாக்காரர், அஸ்மின். "வளைவுக்கு முதலே பிறேக்கைப் பிடிச்சு முடிச்சிரணும். வளையிறப்ப கால் சும்மா இருக்கணும். கண் எங்க போகுதோ கார் அங்கதான் போகும்" என்றார்.

பிரதாபனின் கண் கோனில்தான் போனது. இருபது வருடம் மாட்டையும் குழியையும் பார்த்துப் பார்த்து ஓட்டிய கண், இடிக்கக்கூடாத பொருளைத்தான் முதலில் தேடும். காலும் பழக்கத்தில் வளைவுக்கு நடுவில் பிறேக்கை மிதித்தது. கார் ரயர் கத்தக் கத்த வளைவை விட்டு அகலமாய்ப் போனது. சிவதர்சினிக்கு மறக்கவேண்டிய பழைய பழக்கம் ஒன்றுமில்லை. அஸ்மின் சொன்னதை அப்படியே செய்தாள். அவனுடைய அதே கார், அதே சுக்கான், அதே நாலு ரயர். அவள் கையில் அது சொன்ன சொல் கேட்டது. காரில் குறை சொல்லவும் வழியில்லாமல் போனதுதான் அவனுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"தங்கச்சிக்குக் கை நல்லா வந்திருக்கு. யார் பழக்கின?" என்று கேட்டார் அஸ்மின்.

"அத்தான்தான்" என்றாள் அவள், பெருமையோடு. அந்தப் பெருமையும் அவனுக்குக் குத்தியது.

போட்டியில் பிரதாபன் நன்றாகவே ஓடினான். வந்திருந்த ஆண்கள் எல்லாரையும் முந்திவிட்டான். இனி ஓட இருந்தவள் சிவதர்சினி மட்டும்தான்.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஓடி முடித்தவர்கள் கொடியோடு வெயிலில் நின்று, அடுத்தவர் ஓடும்போது கோன்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோனைச் சுற்றியும் வெண்கட்டியால் கோடு கீறியிருக்கும். கோன் ஆடினால் குற்றமில்லை. விழுந்தாலோ, கோட்டை விட்டு விலகினாலோ கொடியைத் தூக்க வேண்டும். இரண்டு வினாடி கூட்டுவார்கள். கடைசி வளைவைப் பார்க்கும் முறை பிரதாபனுக்கு விழுந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விதி சில வேளை ஆளைத் தேடிப் பிடித்துத்தான் வேலை கொடுக்கும்.

அவள் வந்தாள். ரயர் கத்தவில்லை. கோனை உரசுகிற மாதிரி வந்து, உரசாமல், ஒரு சாண் இடைவெளியில் கார் வழுக்கிக்கொண்டு போனது. காற்றுக்குக் கோன் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அவள் தன்னை முந்திவிட்டாள் என்பது மணிக்கூட்டைப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. இந்த வளைவை இருபது வருடத்தில் ஒரு நாளாவது நான் இப்படி எடுத்திருக்கிறேனா என்று நெஞ்சு எரிந்தது. தாரில் கிடந்து எழும்பிய புழுதி அடங்க முதல், ஒருவரும் பார்க்காத நேரம், காலால் கோனைத் தட்டி விழுத்தினான். கொடியைத் தூக்கினான்.

அஸ்மின் ஓடி வந்தார். "ஆடினதா, விழுந்ததா?"

"விழுந்தது."

சிவதர்சினி காரை விட்டு இறங்கி வந்தாள். "எனக்குப் பட்ட மாதிரித் தெரியேல்லையே" என்று தொடங்கியவள், கொடி யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் நிறுத்தினாள். "அத்தான் சொன்னால் சரி. அவர் பொய் சொல்லமாட்டார்."

பிரதாபன் முதலாவது. கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவளே ஓட்டினாள். "எந்தப் பக்கத்தால பட்டது அத்தான்?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம். பின் ரயர்" என்றான் அவன். "உனக்கு இன்னும் தூரம் பிடிபடேல்லை."

பொய் ஒன்றைப் பெற்றால் அதற்குச் சோறும் போட்டு வளர்க்கத்தானே வேண்டும்!

காலபோக நெல் அறுவடை முடிந்த நாட்கள். பரந்தன் வீதியால் வந்து ஊருக்குள் திரும்பினால், ஒடுங்கிய ஒழுங்கையின் பாதியில் கல் வைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மறுபக்கம் வாய்க்கால். இடையில் ஒரு கார் போகலாம். நேற்றுவரை கதைத்துக்கொண்டே அதால் போனவள் இன்று காரை நிறுத்திவிட்டாள். சுக்கானிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்கள் எடுங்கோ அத்தான். எனக்குப் பயமாக் கிடக்கு."

முதலில் அவனுக்கு இனித்தது. அதை மறைக்க வெளியே பார்த்தான்.

"இனி நான் காரைத் தொடமாட்டன்" என்றாள் அவள். "பட்டது கூடத் தெரியாமல் ஓடியிருக்கிறன். அக்காவின்ர பிள்ளையளை இதில எத்தினை தரம் ஏத்திக்கொண்டு போயிருப்பன்!"

அவள் சொன்னது அவன் பிள்ளைகளைத்தான். அந்த இனிப்பு அப்படியே கசந்தது.

"விழேல்லை" என்றான்.

"என்ன?"

"கோன் விழேல்லை. நான்தான் காலால தட்டினனான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"இறங்குங்கோ."

"தர்சினி, இது என்ர கார்."

"தெரியும். இறங்குங்கோ. கழகத்து ஆக்கள் இன்னும் கிளிநொச்சியை விட்டுப் போயிருக்கமாட்டினம்."

இறங்கினான். வேறென்ன செய்வது? அவள் சுக்கானை இறுக்கிப் பிடித்தாள். பயம் போயிருந்தது. அந்த ஒடுக்கத்துக்குள் காரைத் திருப்பத் தொடங்கினாள். முன் ரயர் வாய்க்கால் கரையில் வந்து நின்றது. பின் ரயர் கல்லுக்கு ஒரு விரல் இப்பால் நின்றது. முன்னே, பின்னே, இன்னுமொரு தரம் முன்னே. ஒரு நெல்மணியும் நசுங்கவில்லை. கார் பரந்தன் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வேலை போகப் போகிறது. மானம் போகப் போகிறது. இரவு வீட்டுக்குள் இராசமலர் விடுவாளோ தெரியாது. அதையெல்லாம் யோசிக்க வேண்டிய மனிதன், ரயர் தடத்தடியில் குந்தியிருந்து, அதற்கும் கல்லுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தான். தன்னால் இது முடியாது என்று தெரிந்தது. அந்த நேரத்திலும் அவனுக்கு வயிறு எரிந்தது.