சித்தியின் படகு

தன் பிறந்தநாளன்று அணைக்கட்டுப் பூங்காவில் எல்லாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்று குட்டி ஒற்றைக்காலில் நின்றாள். எல்லாரும் என்றால் அம்மா, பிரிந்துபோன அப்பா, அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பி.டி. டீச்சர். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா லீவு சொல்லிவிட்டு, தானே செய்த கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

கேக் டப்பாவை யாரும் திறக்கவில்லை. வந்ததும் வராததுமாக, "சித்தி, படகு!" என்று டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் குட்டி.

இருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு துடுப்புப் படகில் போனார்கள். டீச்சர் ஏதோ சொல்ல, குட்டி விழுந்து விழுந்து சிரிப்பது கரைவரை கேட்டது. வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"உனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றார், பாயில் சாய்ந்திருந்த முன்னாள் கணவர். "இவ பரவால்ல, கூடவே இறங்கி விளையாடுறா."

அதற்கு மேல் அம்மாவால் உட்கார முடியவில்லை. தண்ணீரோரம் போய், "குட்டி! இங்க பாரு! அம்மாவப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கையாட்டுவதற்காகக் குட்டி சட்டென்று எழுந்து நின்றாள். படகு சாய்ந்தது. இரண்டு பேரும் தண்ணீரில்.

தனக்கு நீச்சல் தெரியாது என்பதே அம்மாவுக்கு மறந்துபோயிற்று. செருப்போடு இறங்கி ஓடினாள். இடுப்பளவு ஆழத்தில் கால் சேற்றில் சிக்கிக்கொண்டது. அதற்குள் டீச்சர் குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி நீந்தி, அவளைத் தாண்டியே கரைக்குப் போய்விட்டாள்.

அம்மா தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தபோது, குட்டி இருமிக்கொண்டே டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நீட்டியும் வரவில்லை.

"பயந்துட்டாக்கா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றாள் டீச்சர்.

அவள் நல்லவளாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. 'நான் கூப்பிட்டதாலதான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். துண்டை எடுத்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"எனக்கு நீச்சல் கத்துத் தருவியா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "கண்டிப்பாக்கா. ஞாயித்துக்கிழமை ஸ்கூல் நீச்சல் குளத்துக்கு வாங்க."

நன்றியால் கேட்கவில்லை. இனி ஒரு தடவை குழந்தை விழுந்தால், டீச்சருக்கு முன்னால் தான் போய்த் தூக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. வயிற்றுக்கடியில் டீச்சரின் கை தாங்கிப் பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை உதைத்தாள்.