பதினோரு மணி டீ பெல்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் முக்கியமான ஆறு நிமிடங்களில் நான் அங்கே இல்லை. எதிரே இருந்த பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்துவிட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே பேக்கரியில் என்னோடு இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கதை படிப்பவராக இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

என் பெயர் நஜீமுதீன். பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் சப்ளை செய்கிறேன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். லேபிளில் தப்பு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கதையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, அதனால்தான் அந்தப் பக்கம் நான் முன்னேறவில்லை.

2

முதல் தொடக்கம்: "அனுப்பர்பாளையத்தில் ஒரு செக்கிங் ஹாலுக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சூரியன் பொன்னிறமாக—"

[வேண்டாம். டியூப்லைட்தான் எரிந்தது.]

இரண்டாவது: "ஓர் ஊரில் ஒரு ராட்சசன் இருந்தான். அவனுக்கு இருபது கைகள். அவன் சட்டை தைக்க—"

[இது நாடகத்தின் தொடக்கம். ஆஃப்ரினுடைய சொத்து.]

மூன்றாவது: "எட்டு வயது சுபஸ்ரீயின் மனதில் ஆறாத ஒரு—"

[அந்தப் பெண்ணோடு நான் பேசியதுகூட இல்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

ஆஃப்ரின் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நாடகம் போடுகிறவர். அவர் நாடகத்தில் நாற்காலி கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் நடிகர்கள். அன்றைக்கு ஒரு பனியன் கம்பெனியில், துணி சோதிக்கும் செக்கிங் ஹாலின் நடுவே கூடாரம் மாதிரி ஒரு பெரிய பனியன் தொங்கியது. ராட்சசனுடைய சட்டை. அதற்குள் இருபது பிள்ளைகள். இருபது சட்டைக்கைகள் வழியாக ஆளுக்கு ஒரு கையை மணிக்கட்டு வரை வெளியே நீட்டியிருந்தார்கள். வெளியே என்னையும் சேர்த்து இருபது பெற்றோர்.*

விதி எளிது. பிள்ளைக்கு ஒருவராக வந்த பெரியவர் தன் பிள்ளையின் கையைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஒரு கையைத்தான் பிடிக்கலாம். சரியாகப் பிடித்தால் பிள்ளை வெளியே வரும். தப்பாகப் பிடித்தால் அந்தக் கை உள்ளே போய்விடும், உங்கள் ஆட்டம் முடிந்தது. தேடுவதற்கு முன்னால் ஒரு பெல் அடிக்கும். ராட்சசன் விழித்துவிட்டான் என்று அர்த்தம். பெல் அடித்ததும் பெரியவர்கள் சிலையாக நிற்க வேண்டும். ஆஃப்ரின் இதை மூன்று தடவை சொன்னார்.

* எல்லோரும் முதலில் கைகளைப் பார்க்கவில்லை, துணியைத் தடவிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் துணியின் கனத்தை விரலால் பார்த்து என்னிடம் "எத்தனை ஜிஎஸ்எம் இருக்குமுங்க?" என்று கேட்டார். "நூத்தி எண்பது" என்றேன். நாடகம் அப்போது தொடங்கியிருந்தது.

4

சுபஸ்ரீயின் அப்பா சண்முகவேலைப் பற்றி எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக எழுதினேன். எழுத சுலபமாக இருந்தது. இரண்டாவதில் கல்நெஞ்சக்காரர். உண்மையில் அவர் சாயப்பட்டறையில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர், அவ்வளவுதான். அவர் வீடு வருவதற்குள் சுபஸ்ரீ பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவள் திரும்பி வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். அந்த ஞாயிறு மட்டும் தூங்காமல், நகக்கண்ணில் நேவி ப்ளூ சாயத்தோடு, நேராக ஹாலுக்கு வந்திருந்தார்.

ஒத்திகைக்குப் பிள்ளைகள் மட்டும்தான் வந்தார்கள். அப்போது சுபஸ்ரீ ஆஃப்ரினிடம் சொன்னாளாம்:

"மிஸ், எங்கப்பாவுக்கு என்ற கை தெரியாதுங்க."

"ஏன் கண்ணு?"

"பாத்ததே இல்லீங்க. தப்பாத்தான் புடிப்பாருங்க. அப்ப நான் வெளிய வரமாட்டேனுங்க மிஸ். இப்பவே சொல்லிப்புட்டேன்."

ஆஃப்ரின் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. யாருக்கும் துப்புக் கொடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. "ராட்சசன் இருக்கான்னு சொல்லலாமுங்க அண்ணா, அது கதை. உங்கப்பா உன்னக் கண்டுபுடிச்சாருன்னு பொய் சொன்னா, அத அந்தப் புள்ள ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருமுங்க" என்று என்னிடம் பின்னால் சொன்னார்.

5

பிள்ளைகளுக்கு நிஜமான சத்தம் வேண்டும் என்று, அந்தக் கம்பெனியின் பெல்லையே ஆஃப்ரின் அடிக்கச் செய்தார். அப்போது மணி பதினொன்று.

திருப்பூரில் பதினோரு மணிக்குப் பெல் அடித்தால் என்ன ஆகும் என்று இங்கே பிறந்து வளர்ந்த ஆஃப்ரினுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? யாரும் யோசிக்கவில்லை, யாரும் பேசவில்லை. பத்தொன்பது பேர் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பேக்கரிக்குப் போய்விட்டோம். பாதி டீயில்தான் பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டும் சண்முகப்பிரியா கையில் பன்னோடு கேட்டார்:

"ஏனுங்க, நாம எதுக்குங்க வெளிய வந்தோம்?"

டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடியவர்கள் உண்டு. நான் மீதியைக் குடித்துவிட்டு ஓடினேன்.

சாயப்பட்டறையில் டீ பெல் கிடையாது. துணி மெஷினிலிருந்து இறங்கினால்தான் ஆளும் இறங்கலாம். ஆகவே சண்முகவேல் மட்டும் போகவில்லை. இருபது கைகளுக்கு முன்னால் தனியாக நின்றார்.

6

நாங்கள் திரும்பி வந்தபோது சுபஸ்ரீ சட்டைக்கு வெளியே இருந்தாள். சண்முகவேல் சுவரில் சாய்ந்து, அதற்குள் தூங்கிப்போயிருந்தார். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இடையில் நடந்ததற்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் மணிக்கட்டில் ஒரு தழும்பு. சிறு வயதில் அவர் தூக்கி வைத்திருந்தபோது— [தழும்பு வேண்டாம். கதைகளில் தொலைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தழும்பு இருக்கிறது.]

ஆ) அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போகிறார். தெரியவில்லை. தாண்டிப் போகும்போது சாயத்தின் வாசனையை வைத்து அவள் கை எட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அது. ஆனால் அப்பாக்களுக்கு ரொம்பவும் சௌகரியமான பத்தி. நாங்கள் தொலைத்தாலும் பிள்ளைகள் தேடிப் பிடித்துக்கொள்வார்கள் என்கிறது. அடித்துவிட்டேன்.

7

நடந்ததைப் பக்கத்திலிருந்து கேட்ட சாட்சி ஒருத்தி உண்டு. என் மகள் ரைசா. சட்டைக்குள் சுபஸ்ரீக்கு அடுத்து நின்றவள். கேட்டேன்.

"எப்படி வெளிய வந்தா அவ?"

"சொல்ல மாட்டேன் அத்தா."

"கதைக்கு வேணும்மா."

"நீங்க அங்க இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல? நான் கைய நீட்டிட்டே இருந்தேன். வலிச்சுது. யாருமே வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வாக்கியத்தை எப்படி எழுதினாலும் அப்படியேதான் வருகிறது.

8

ஆஃப்ரின் ஓரளவுக்குத்தான் சொன்னார். சண்முகவேல் சட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாராம். எதையும் தொடவில்லை. பிறகு ஆஃப்ரின் பக்கத்தில் வந்து, உள்ளே கேட்காத குரலில் கேட்டாராம்:

"ஏனுங்க மேடம், இதுல எம்புள்ள கை எதுங்க?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். ஆஃப்ரின் சட்டையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இதை முடிக்கும் தகுதி இல்லை. உங்களுக்கு உண்டு. கதை முழுக்க எழுந்து போகாமல் இருந்திருக்கிறீர்கள். சுபஸ்ரீயின் கை, ஆஃப்ரின் நிறுத்திய வரிசைப்படி, கதவுப் பக்கமிருந்து ஏழாவது. சொன்னால் அவள் வெளியே வருவாள், அப்பாவுக்குத் தன் கை தெரியும் என்று நம்பிக்கொண்டு. சொல்லாவிட்டால் அவர் ஏதோ ஒரு கையைப் பிடிப்பார்.

சண்முகவேல் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். சொல்வதானால் மெதுவாகச் சொல்லுங்கள். அவளுக்குக் கேட்டுவிடக்கூடாது.