பட்டினி கிடந்து ஏறிய எடை

என் அத்தான் ஒரு தையல்காரர். எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவர் ஏறினால் சில லிப்டுகள் கதவை மூடாமல் கத்தும். லிப்ட் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், அது கத்தும்போதெல்லாம் அத்தான் என்னைத்தான் முறைப்பார். "உன் மெஷினுக்கு மரியாதையே தெரியல மாப்ளே" என்பார். ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் இன்னொரு துணி மூட்டை என்று ஏறிவிட்டு மெஷினிடம் மரியாதை எதிர்பார்க்கும் மனிதரை என்ன செய்ய முடியும்?

அவருக்குத்தான் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிப் போயிருந்தது. விட்டால் வெடித்துவிடும் என்றார்கள். நெஞ்செலும்பைப் பிளந்து, வீங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கைக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். தொண்டையில் இறக்கியிருந்த சுவாசக் குழாயை எடுத்ததும் அத்தான் டாக்டரிடம் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்ன துணி வெச்சீங்க?"

டாக்டர் பொறுமைசாலி. "பாலியஸ்டர் வகைதான்" என்றார்.

"பாலியஸ்டரா? வேர்க்குமே!" அத்தான் முகத்தைச் சுளித்தார். "தையலாவது நெருக்கமாப் போட்டிருக்கீங்களா?"

"தையலை நான் பாத்துக்கறேன். நீங்க மூச்சைப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். பிறகு என்னையும் அக்காவையும் வராந்தாவுக்கு அழைத்துப் போய் விவரமாகச் சொன்னார். இந்தப் பருமனுக்கு, படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வலித்தாலும் எழுந்து உட்கார்ந்து ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், இரும வேண்டும். இல்லையென்றால் குழாயை மறுபடியும் தொண்டைக்குள் இறக்க வேண்டிவரும். "ரெண்டாவது தடவை இறக்கினா, திரும்ப எடுக்க முடியும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வேறு எதற்கும் பயப்படவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானம் முழுக்க ஓடும் பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்திவிடுவாள். அப்படிப்பட்டவளால் கட்டின புருஷனை இரண்டு கிலோ இளைக்க வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் குளியலறையில் எடை மெஷினைப் போட்டு அவரை ஏற்றுவாள். ஆபரேஷனுக்கு முன்பு, "இவருக்கு எடைதான் எதிரி" என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆண்கள் வார்டில் ஆண்தான் துணைக்கு இருக்கலாம் என்பதால் நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அக்கா மாலையில் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வருவாள். காலையில் சிஸ்டர் எடை பார்த்ததும் அவளுக்குப் போனில் சொல்வது என் கடமை.

முதல் நாள் காலையில் நூற்றுப் பதினாறு காட்டியது.

அத்தான் மெஷினை நம்பவில்லை. "சிஸ்டர், நாலு நாளா என் வாயில ஒரு பருக்கை போகல. நாலு கிலோ எப்படி ஏறும்?"

"அது சதை இல்ல சார், தண்ணி. ஆபரேஷன்ல ஏத்தின மருந்துத் தண்ணியெல்லாம் உடம்புல தங்கியிருக்கு. அது நுரையீரலுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் தினம் எடை பாக்கறோம். ஊசி போட்டா இறங்கிடும்" என்றார் சிஸ்டர்.

"தண்ணியா? குடிக்கக் கேட்டா பஞ்சை நனைச்சு உதட்டுல தடவறீங்க. அதுல நாலு கிலோவா?"

போனில் அக்காவிடம் சொன்னேன்.  "என்னடா வாங்கிக் கொடுத்தே?" என்றாள்.

"அக்கா, அது தண்ணியாம்."

"தண்ணியாம்! யாருகிட்ட காது குத்தறே? அவர் கெஞ்சியிருப்பார், நீ கேன்டீனுக்கு ஓடியிருப்பே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று மாலை வந்தவள் என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். என்னுடைய பிஸ்கட் பாக்கெட் ஒன்று விழுந்தது. பாதி காலி. அதற்கு மேல் நான் பேசினால் எடுபடுமா? அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தார்.

அடுத்த நாள் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. எடை மெஷினில் ஏறும்போது அத்தான் என் தோளில் கை போட்டார். "தலை சுத்துது மாப்ளே, கிட்ட நில்லு" என்றார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டுப் பேசியதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவின் விளிம்பு வரை போய் வந்த மனிதருக்கு மச்சானின் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடை நூற்றுப் பதினான்கு காட்டியது. அதற்கடுத்த நாளும் அதே பாசம், அதே தோள். நூற்றுப் பதின்மூன்று. அடுத்த நாள் நூற்றுப் பன்னிரண்டு. பாசம் நாளுக்கு நாள் கனமாகிக்கொண்டே போனதால் எனக்குத் தோள்பட்டை வலித்தது. கட்டில் பக்கத்தில் நாற்காலியில் தூங்குவதால்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

எடை இறங்குகிறது, தண்ணீர் வடிந்துவிட்டது என்று ஊசியைக் குறைத்தார்கள். ஆனால் மூச்சு மட்டும் மோசமாகிக்கொண்டே வந்தது. மூக்கில் சின்னக் குழாயாக இருந்த ஆக்சிஜன், முகத்தை மூடும் மாஸ்க் ஆயிற்று. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சிரைத்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பாகம் வெளுத்துத் தெரிந்தது. "தண்ணியா இருந்தா எடை ஏறியிருக்கணும். இறங்கிட்டுல்ல வருது? அப்ப நுரையீரல்தான் சுருங்கி ஒட்டிக்கிட்டிருக்கு. அவர் சரியா மூச்சுப் பயிற்சி பண்ணல" என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "நாளைக்கு மதியம் வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா குழாய்தான். அம்மாவைக் காலையிலேயே வரச் சொல்லுங்க."

அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். இன்றைக்கு எடை வேண்டாம், அவரால் நிற்க முடியாது என்றார் சிஸ்டர். அத்தான் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "இல்ல… பாக்கலாம்… மத்ததெல்லாம் பெயிலு… இது ஒண்ணுலதான்… பாஸ் ஆகறேன்" என்றார். பெருமையாக அக்காவை வேறு பார்த்தார்.

மெஷினைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். அத்தான் ஏறினார். வழக்கம்போல என் தோளில் கை விழுந்தது. நூற்றுப் பன்னிரண்டு.

"கையை எடுங்க!"

அக்காவின் குரலில் வார்டே அதிர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்திலிருந்து கையை எடுத்தார். சிஸ்டர் மருந்துத் தட்டிலிருந்து கையை எடுத்தார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அத்தான் மட்டும் எடுக்கவில்லை.

"வீட்டுல வாஷ்பேசின் மேல கை, இங்க என் தம்பி மேலயா? எடுங்கன்னா!"

என் தோள் லேசானது. மெஷினில் எண்கள் ஓட ஆரம்பித்தன. பதினாலு, பதினேழு என்று போய் நூற்று இருபதில் நின்றது. சிஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பே. எட்டுக் கிலோ என் தோளிலேயே இறங்கியிருக்கிறது, நான் அதைப் பாசம் என்று நினைத்து உருகியிருக்கிறேன். வெட்கக்கேடு.

டாக்டர் வந்தார், ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுவிட்டிருந்த காலுறையைக் கழற்றி அத்தானின் கணுக்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் மாவில் அமுக்கியதுபோல் குழிந்தே நின்றது. "அடப்பாவி மனுஷா" என்று அவர் சொன்னது டாக்டராகச் சொன்னது இல்லை. எடையை நம்பி ஊசியைக் குறைத்தோமே, இனிமேல் கணுக்காலையும் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டேன் என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். ஊசி போட்டார்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை நிறைந்தது. ஊற்றிவிட்டு வந்தார்கள். மறுபடி நிறைந்தது. என் வாழ்க்கையில் இன்னொருவர் மூத்திரத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மதியம் டாக்டர் ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் குழாய் வேணாம்" என்றார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா கட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இப்போது வசவு மழை பொழியும் என்று நினைத்தேன். அத்தானும் அதற்குத் தயாராகப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட திட்டு வாங்கக் கூடாதுன்னு உயிரையே விடப் பாத்தீங்களா?" என்றாள். குரல் உடைந்தது.

"திட்டுக்கு யார் பயந்தா?" மாஸ்க்குக்குள் இருந்து குரல் வந்தது. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நீ திட்டினா எனக்குப் பாட்டு மாதிரி. எடை ஏறிடுச்சுன்னா நீ அன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டேங்கறே. நான் குறட்டை விடறப்ப மூச்சு நிக்குதான்னு உக்காந்து பாக்கறே. மூக்குகிட்ட கை வெக்கறே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டினா, நீ ஒரு வாரம் நல்லாத் தூங்கறே. கடையில அப்படித்தானே செய்யறேன்? இடுப்பளவை வாயில ரெண்டு இஞ்ச் குறைச்சுச் சொல்லுவேன். வெட்டும்போது சரியா வெட்டிடுவேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"இங்க வெட்டினது நீங்க இல்லயே" என்றாள் அக்கா.  முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சிறுநீர்ப் பையைப் பார்த்தேன்.

அத்தான் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "கடைசியா எப்ப தூங்கினே?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். இப்பத் தூங்கு."

"வேணாம்."

"மூச்சு நின்னா நானே சொல்றேன்டி."

அழுகைக்கு நடுவில் அக்கா சிரித்துவிட்டாள். பிறகு மெத்தை ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். சாய்த்ததுதான் தெரியும், அடுத்த நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.

டாக்டர் தலையால் தண்ணி குடித்தும் அத்தான் அதுவரை ஆழமாக ஒரு மூச்சு இழுத்ததில்லை. வலிக்கிறது, முடியாது என்பார். இப்போது யாரும் சொல்லாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் காதுக்குக் கேட்கும்படி நீளமாக இழுத்து இழுத்து விட்டார். நேரமாகிவிட்டது, அம்மாவை அனுப்புங்கள் என்று சொல்ல வந்த சிஸ்டரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். சிஸ்டர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். அத்தானுக்கும் கண் சொக்கியது. தலை தொங்கும்போதெல்லாம் உலுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். "நான் பாத்துக்கறேன் அத்தான், நீங்களும் தூங்குங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"உன்னை நம்பியா?" என்றார். அக்கா எழுந்திருக்கும்வரை கண்ணை மூடவே இல்லை.