தட்டில் வளர்ந்தது

தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே, இன்றைக்காவது லேபில் வைத்திருக்கும் அந்தத் தட்டைப் பார்ப்பீர்களா என்று நாகலக்ஷ்மி கணவரிடம் கேட்டாள். "உறை குத்தின பாலை நடுவுல கிளறுவியோ? நாளைக்குத்தான்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார் ஷ்யாம்சுந்தர். தாம்பரம் ஸ்டேஷன் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. அது 2006, ஆடி மாதம்.

நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தால் அதன் செல்லுக்குள் கால்சியம் ஏறும். அதை உணர்ந்து மற்ற புரதங்களை உசுப்பிவிடுவது கைனேஸ் என்கிற வகைப் புரதங்கள். எந்தக் கைனேஸ் எதனோடு சேர்கிறது என்று கோடு இழுத்து வரைபடம் போடுவது ஷ்யாம்சுந்தரின் வேலை. இரண்டு நெல் புரதங்களை யீஸ்டுக்குள் வைத்து, சத்து ஒன்றைக் குறைத்த தட்டில் விடுவார். புரதங்கள் சேர்ந்தால் யீஸ்ட் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினிதான். ஒரு ஜோடிக்காக இரண்டு வருஷம் அல்லாடியிருந்தார். அவர் பார்க்காமல் போன அந்தத் தட்டில் யீஸ்ட் வளர்ந்ததா என்பது மட்டும் நாகலக்ஷ்மிக்குத் தெரிந்தாக வேண்டும்.

பதிமூன்றாம் நாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி ஸ்ரீவித்யா வந்தாள். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நாகலக்ஷ்மி கேட்டுவிட்டாள். இப்போது சொல்ல முடியாது மாமி என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுதலுக்காவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவருடைய அண்ணா யக்ஞநாராயணன் முணுமுணுத்தார். நாகலக்ஷ்மிக்கும் மனசு கசந்தது. வளரவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஸ்ரீவித்யா மறுபடி வந்தாள், கையில் ஒரு புகைப்படத்தோடு. தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள்.

"வளர்ந்திருக்கு மாமி. அன்னிக்கே வளர்ந்துதான் இருந்தது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி."

"சில புரதம் துணையே இல்லாம யீஸ்டைப் பிழைக்க வெச்சு நம்மள ஏமாத்திடும். தனியா வெச்சு, இடம் மாத்தி வெச்சு எல்லாம் பார்க்காம வாயைத் திறந்தா சார் விடமாட்டார். உங்ககிட்ட போய் அரைகுறையா எப்படிச் சொல்றது?"

நாகலக்ஷ்மி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு இதமாகத்தான் பேசினார்கள். இவள் ஒருத்திதான், இன்னும் பக்கத்து மேஜையில் அவர் இருக்கிற மாதிரி, அவருக்குப் பயந்து நடந்திருக்கிறாள். எழுந்துபோய் இலை போட்டாள். போதும் போதும் என்ற பெண்ணுக்கு மறுசாதம் வைத்து, மோர்க்குழம்பை அவளே ஊற்றினாள்.

அந்த வரைபடம் பிற்பாடு பெரிதாகிவிட்டது. வேறு ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் சரிபார்த்துச் சில கோடுகளை அழித்தார்கள், எத்தனையோ சேர்த்தார்கள். அந்த இரண்டு புரதங்களுக்கு நடுவே உள்ள கோடு அப்படியே இருக்கிறது.