மீசை வைத்த குட்டி

செல்வலட்சுமியின் ஐந்து வயது மகள் பூமாரிக்கு 2002 மார்ச்சிலிருந்து நாய் பக்கத்தில் இருந்தால்தான் மூச்சு வந்தது. நாய் இழுக்கும்போது அவளும் இழுப்பாள், விடும்போது விடுவாள். ஆனால் நாயின் முடி மூக்கில் பட்டால் தொண்டை அடைத்து உதடு நீலம் பாரித்துவிடும். ஒரகடத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் வீட்டு வாடகை ஏறியதைத்தான் பேசினார்கள்.

கயத்தாறிலிருந்து பிழைக்க வந்து, கார் கம்பெனிக்கு ஒயர் கட்டும் லைனில் நின்றுகொண்டிருந்த செல்வலட்சுமி, சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, ஓட்டையில் ஈரத்துணி கட்டி, வெளியே ஒரு கிழட்டுத் தெருநாயைப் படுக்க வைத்தாள். உள்ளே பூமாரி ஒன்றரை வருஷம் சுவரோரமே கிடந்தாள். பிறகு நாய்க்கு இளைப்பு கண்டது. பூமாரிக்கும் கண்டது. செல்வலட்சுமி வேறு நாய்களைக் கட்டிப் பார்த்தாள்; அவை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, மூச்சும் கூடவே ஓடியது.

மணிமங்கலத்தில் நாய் வளர்த்து விற்ற யாக்கோபிடம், ஊர் திரும்பிய ஒரு கொரியா அதிகாரி விட்டுப்போன பூடில் நாய் இருந்தது. முடி அதிகம் உதிர்க்காத சாதி. அதை லேப்ரடாரோடு சேர்த்திருந்தார்.

"மொத தலைமுறைல சிலது முடி கொட்டும், சிலது கொட்டாது. கலப்பு நாயையும் கலப்பு நாயையும் சேத்தா இன்னா வரும்னு எனக்கே தெரியாது. அதனால கலப்பு நாய திரும்ப பூடில்கிட்டயே சேத்துகீறேன். இதுல கொட்றது கம்மி. கொட்டவே கொட்டாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேம்மா."

"எப்பண்ணே தருவிய?"

"இப்பதான் பொறந்த குட்டிங்கம்மா, எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும்."

"அது வரைக்கும் கெழட்டு நாய் தாங்காதுண்ணே."

தாங்கவில்லை. ஏழாவது வாரம் நாயையும், மூக்கில் ஈரத்துணி கட்டிய மகளையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள். யாக்கோபு வீட்டு வாசலில் நாய் செத்தது. பூமாரியின் மார்பு அப்படியே நின்றது.

வழவழப்பான முகத்தோடு ஒரு குட்டி தானாக ஓடிவந்து செல்வலட்சுமியின் காலை நக்கியது. அவள் அதைத் தூக்கப்போனாள். யாக்கோபு கையைத் தட்டிவிட்டார்.

"மொழுமொழுன்னு மூஞ்சி இருந்தா கொட்டும்மா. மீசையும் புருவமும் தொங்குதே, அத எடு."

மீசைக்குட்டி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தது. செல்வலட்சுமி குப்புறப் படுத்து இழுத்தாள். கட்டைவிரலைக் கடித்தது. மகளின் மார்பில் வைத்தாள். பயத்தில் குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூமாரியும் அசையவில்லை.

"விடு தாயி, விடு," என்று அதன் மூக்கில் ஊதினாள்.

குட்டி தும்மியது. பூமாரி தும்மினாள்.

எட்டு மாதத்தில் குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும், அப்போதுதான் உறுதியாகத் தெரியும் என்று யாக்கோபு சொல்லியிருந்தார். அதுவரை செல்வலட்சுமி தினமும் பாயைக் கறுப்புத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரிரண்டு முடிக்கு மேல் இல்லை. குட்டிக்கு மூச்சு வேகமென்பதால் அந்த வருஷம் முழுக்கப் பூமாரி படபடவென்று பேசினாள்.

2005 ஜூனில் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியை பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டார். உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்குமல்லவா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சலூன் விடுமுறையான செவ்வாய்க்கிழமையில், சலூன்காரர் கன்னியப்பன் நாய்க்குக் கிராப் வெட்டினார். கத்தரிச் சத்தத்தில் நாய் நாற்காலியிலேயே தூங்கிவிடும். முடி பறக்காத தூரத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம், பூமாரி நிதானமாக மூச்சு விட்டபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.