மாஸ்டரின் கையெழுத்து

"ஒரேயொரு கையெழுத்துத்தான், மிஸ்" என்று பல்லைக் காட்டினார் சோலைமலை மாஸ்டர். ஒன்பது வருடம் முன்பு ஜீவராணியை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பார்கள்; பிடிக்க வந்திருந்தார்.

அன்று அவள் அவரிடம் குத்துச்சண்டை பழகியவள். பயிற்சியில் அடிபட்டு மயங்கி விழுந்த ஐந்தாம் நாளே, அவளுக்கு ஒன்றுமில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேடையேற்றினார். தலை சுற்றியவளால் கையைத் தூக்கித் தடுக்க முடியவில்லை. இடது கண் போனது. இரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் முடங்கிக் கிடந்தாள். பிறகு பிசியோதெரபி படித்து, இப்போது மஸ்கெலியாவில் அடிபட்ட குத்துச்சண்டைக்காரர்களைத் தேற்றி எழுப்புகிறாள். அந்தப் படிவத்தின் நகல் அவள் மேசை லாச்சியிலேயே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் கறுவினாள்.

இன்று அவள் முன்னால் இருந்தது மாஸ்டரின் மகள் பிரியந்தி. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் மயங்கி விழுந்திருக்கிறாள். சனிக்கிழமை நுவரெலியாவில் இறுதிப் போட்டி; அதில் இறங்க அவளுக்கு ஒன்றுமில்லை என்ற படிவத்தில் ஜீவராணியின் கையெழுத்து வேண்டும்.

தரையிலிருந்த கோட்டின் மேல் அவளை நடக்கச் சொன்னாள் ஜீவராணி. நான்காவது அடியில் பிரியந்தி சரிந்து சுவரைப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண் கூசியது.

கையெழுத்தைப் போட்டுவிடலாம். இவளுக்கும் ஒரு கண் போகட்டும், அப்பன் பார்க்கட்டும். பொய் சொல்வானேன், அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அடி விழப்போவது இந்தப் பிள்ளையின் தலையில்.

லாச்சியைத் திறந்து பழைய நகலைப் புதுப் படிவத்தின் பக்கத்தில் விரித்தாள்.

"இது ஒங்க கையெழுத்துதானே மாஸ்டர்? 'முப்பது நாளைக்குள்ள மயங்கி விழல'ன்னு இருக்கே, அந்த வரிக்குக் கீழ இந்தப் புதுப் படிவத்துலயும் மொதல்ல நீங்க போடுங்க. அப்பறம் நான் போடுறேன்."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மகளைப் பார்த்தார். பேனா தாளில் ஒரு புள்ளி வைத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

"முடியல, ஜீவராணி."

"எனக்குப் போட்டப்ப முடிஞ்சிச்சே மாஸ்டர்?"

பிரியந்தி கண்ணைத் திறந்தாள். "என்னப்பா போட்டீங்க?"

ஜீவராணி பார்வையற்ற கண்ணைப் பிள்ளையின் பக்கம் திருப்பி, நகலை அவள் கையில் கொடுத்தாள்.

"இதத்தான். நீ முப்பது நாள் ரெஸ்ட் எடு, பிள்ள. நான் தேத்தி விடுறேன்."

பிரியந்தி தாளைப் படித்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலை குனிந்தது. ஒன்பது வருடமாக எரிந்த ஜீவராணியின் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது.