ஸ்காபரோ லோகெர்பர்கள்

ஜூலி மடிக்கணினியைக் கொண்டுவந்து மீன் பற்றீஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோதே, அதைப் பார்ப்பதில்லை என்று யோசப் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்த கையோடு மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"வாசியுங்கோ அப்பா. இந்த சர்நேம் உலகத்திலேயே ஆகக் கூட இருக்கிறது கனடாவிலயாம். ஜெர்மனியில ஒரு பஸ்ஸை நிரப்பக்கூட ஆள் இல்லை. ஸ்காபரோவில மட்டும் அறுபத்தொரு பேர்."

லோகெர்பர் என்ற தன் பெயர் ஒரு இணையத்தளத்தில், அதுவும் வரைபடத்தோடு இருப்பதைக் கண்டதும் யோசப்பின் மார்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. பிறகு கணக்கு உறைத்தது.

"அறுபத்தொண்டோ? அதிலை எங்கட ஆக்கள் எத்தினை?"

"எல்லாரும் எங்கட ஆக்கள்தானே."

"உனக்கு விளங்காது" என்றார். ஸ்காபரோவிலேயே பிறந்தவளுக்கு அது விளங்கிவிடுமோ என்பதுதான் அவருடைய பயமும்.

யோசப் காப்புறுதி முகவர். விசிட்டிங் கார்டில் 'ஜோ லோகெர்பர்' என்று போட்டிருந்தார். அந்தப் பெயரை நம்பி வெள்ளைக்காரர்கள் தொலைபேசியில் நெடுநேரம் சிரித்துப் பேசுவார்கள்; கதவைத் திறந்து ஆளைப் பார்த்ததும் அவருடைய தோளுக்கு மேலாக, உண்மையான லோகெர்பர் பின்னால் வருகிறாரா என்று பார்ப்பார்கள். யோசப் அதையும் ஒருவகை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

பெயர் வந்த கதை சிறியது. அவருடைய தீவில் ஒரு காய்ச்சல் வருஷம். சனம் செத்துக்கொண்டிருந்தபோது லோகெர்பர் என்ற ஜெர்மன் பாதிரியார் மட்டும் ஓடிப்போகாமல் நின்று, கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அந்த வருஷம் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் நன்றிக்கடனாக அவர் பெயரையே ஞானஸ்நானப் பெயராக வைத்தார்கள். யோசப்பின் அப்பாவும் அப்படி ஒரு லோகெர்பர். பிறகு பிள்ளைகள் அகதிகளாகக் கனடாவில் இறங்கியபோது, குடும்பப்பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். தமிழனுக்கு ஏது குடும்பப்பெயர்? எல்லாரும் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். அப்படித்தான் ஒரு ஜெர்மன் வம்சம் ஸ்காபரோவில் முளைத்தது.

சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் ஆள் பார்த்து வரவில்லை. பாதிரியாரும் ஆள் பார்த்துப் பெயர் கொடுக்கவில்லை. ஊர்க் கோயிலின் முன்வாசலால் போகும் குடும்பங்களுக்கும், பக்கவாசலால் மட்டுமே போக விடப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது. யோசப் முன்வாசல். டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் அந்தோனிதாஸ் லோகெர்பர் பக்கவாசல். அந்தோனிதாசின் மகன் அன்ட்ரூவைத்தான் ஜூலி கட்டப் போகிறாள்.

போன மாதம் அந்தோனிதாஸ் சம்பந்தம் பேச வந்திருந்தார். கையில் பிளாக் ஃபாரஸ்ட் கேக்.

"ஜெர்மன் கேக் எண்டு கடைக்காரி சொன்னவள், யோசப் அண்ணை. எங்கட பேருக்குப் பொருத்தமா இருக்கட்டும் எண்டு வாங்கினனான்."

"எங்கட பேர் எண்டு சேர்த்துச் சொல்லாதையும். உம்மட பேர் உம்மட. எங்கட பேர் எங்கட."

"ரெண்டும் ஒரே பாதிரிச் சுவாமி வைச்ச பேர்தானே?"

"வைச்சவர் ஒராள்தான்."

"ஊத்தின தண்ணியும் ஒண்டுதானே அண்ணை?"

"தண்ணி ஒண்டு. வாசல் வேறை" என்றார் யோசப்.

அந்தோனிதாஸ் கேக் பெட்டியை மேசையில் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, "நாங்கள் பொடியன்ரை கலியாணம் கதைக்கத்தான் வந்தனாங்கள். வாசலைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் உங்கட வீட்டு வாசலைத் திருத்துங்கோ, படி ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். படி உண்மையாகவே ஆடியது. அதுதான் யோசப்புக்குக் கூடுதல் ஆத்திரம்.

"இன்னும் இருக்கு அப்பா" என்று ஜூலி திரையை உருட்டினாள். "ஒரிஜின். இது ஒரு தொழிலின்ரை பேராம். லோகெர்பர் எண்டால் மரப்பட்டையால தோல் பதனிடுற ஆள். நாத்தம் தாங்கேலாதெண்டு அவையளை ஊருக்குள்ள இருக்க விடுறதில்லையாம். ஆத்தின்ரை கீழ்ப்பக்கம், மதிலுக்கு வெளியிலதானாம் வீடு."

யோசப் கடித்த பற்றீஸைத் தட்டில் வைத்தார். அவர் தேநீர் குடித்தார். இந்தத் தகவலை ஏற்றுக்கொண்டால் தன் வாழ்க்கையில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்று மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. விசிட்டிங் கார்டிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

"அது வெள்ளைக்காரன் பதனிட்ட தோல்" என்றார் கடைசியில். "அது வேறை."

"சீரியஸ்லி, அப்பா?"

"நான் உயிரோடை இருக்கும்வரைக்கும் இந்தக் கலியாணம் நடவாது."

ஜூலி மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலில எங்கட கலியாணத்தை அறிவிக்கினம். நீங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. ஆனா ஒண்டு. அங்க வந்து ஏதும் செய்தால், பிறகு எனக்கு அப்பா இல்லை." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் யோசப்புக்கும் கத்த வசதியாக இருந்திருக்கும்.

அவள் போனதும் சமையலறையில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "றோசலின், நான் கோயிலிலை எழும்புவன். தடை இருந்தால் சொல்லச் சொல்லி ஃபாதர் கேப்பார்தானே? ஒரே பேர், ஒரே இரத்தம், சகோதர முறை எண்டு சொல்லுவன். ஃபாதர் திருச்சிப் பக்கத்து ஆள். எங்கட தீவுக் கதை அவருக்கு எங்கை தெரியும்? பேரைப் பார்த்தால் நம்புவார்."

றோசலின் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப அந்தோனிதாஸ் உங்களுக்குத் தம்பி."

"என்ன?"

"ஒரே இரத்தம் எண்டால் தம்பிதானே? முப்பது வருஷமா அவையின்ரை செத்தவீட்டிலைகூட நீங்கள் தேத்தண்ணி குடிக்கேல்லை. இப்ப கோயில் நிறைஞ்ச சனத்துக்கு முன்னாலை, இது என்ரை சொந்தத் தம்பி எண்டு சொல்லப் போறியள். சொல்லுங்கோ. நானும் நல்ல சீலை உடுத்திக்கொண்டு வாறன்."

அந்தக் கிழமை முழுவதும் யோசப் வேறு காரணம் தேடினார். உண்மையான காரணத்தைச் சொல்லலாம்தான். ஆனால் அது மைக்கில் சொல்லும் காரணமில்லை. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்வது. கலியாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில், கோழிக்கறிக்கும் கத்தரிக்காய்க்கும் இடையில், பக்கத்து ஆளின் காதுக்குள் சொல்வது. அதை உரத்துச் சொன்னால், இரகசியமாகத் தலையாட்டுகிறவர்களே முதலில் முகத்தைத் திருப்புவார்கள். தலையாட்டித் தலையாட்டி அவரை வளர்த்தவர்கள்தான் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியிருந்தது. பனிக்காலத்தில் அந்தக் கோயிலின் முன்கதவைத் திறப்பதில்லை; வாகனத் தரிப்பிடத்தை ஒட்டிய பக்கக்கதவால்தான் சனமெல்லாம் போய்வரும். இன்றைக்காவது முன்வாசலால் போவது என்று யோசப் முழங்கால் பனிக்குள் தனியாகச் சுற்றிப் போனார். கதவு பூட்டியிருந்தது. இரண்டு தரம் தட்டினார். திரும்பி வந்து, ஈரக் காற்சட்டையோடு, எல்லாரையும் போலப் பக்கவாசலால் நுழைந்தார். வாசலில் பாட்டுத்தாள் கொடுத்துக்கொண்டு நின்றது அந்தோனிதாஸ்.

"வாங்கோ அண்ணை" என்று ஒன்றை நீட்டினார். யோசப் அதை வாங்கவில்லை.

பூசை முடியும் தறுவாயில் ஃபாதர் அறிவித்தல்களை வாசித்தார். வாகனங்களை ஒழுங்காக நிறுத்தவும். தவக்காலத் தியானத்துக்குப் பெயர் கொடுக்கவும். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அன்ட்ரூ லோகெர்பர், ஜூலி லோகெர்பர்" என்று வாசித்து, இரண்டாம் பெயரில் ஒரு கணம் தயங்கி, தாளை மறுபடி பார்த்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

யோசப் எழுந்தார்.

தம்பி என்பதா, வாசல் என்பதா என்று அந்தக் கணத்திலும் அவருக்கு முடிவாகவில்லை. எது வருகிறதோ வரட்டும் என்று வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருந்த கிழவி, முன்னால் ஓர் ஆள் எழும்பியதைக் கண்டு, கடைசி ஆசீருக்கு நேரமாகிவிட்டதென்று நினைத்துத் தானும் எழும்பினாள். அவளைப் பார்த்து அவளுடைய வரிசை எழும்பியது. உட்கார்ந்திருந்த மரவாங்குகள் கிறீச்சிட்டன. பாடகர் குழு எழும்பியது. அந்தோனிதாஸ் கதவடியில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கோயில் முழுவதும் நிற்பதைக் கண்ட ஃபாதர், கொஞ்சம் குழம்பி, தாளை மடித்து வைத்துவிட்டுக் கைகளை விரித்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

சனம் ஒரே குரலில் பதில் சொன்னது. யோசப்பின் வாய் திறந்தபடியே இருந்தது.

அத்தனை பேரும் நின்ற கோயிலில், முதல் வரிசையில் ஜூலி மட்டும் எழும்பவில்லை. வாங்கில் கையை ஊன்றித் திரும்பி, நிற்கிறவர்களின் இடுப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் நடுவால், அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.